நல்ல புல்லர்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் சொந்தபந்தத்தில் ‘செட்டு’ என்று பெயர். எதையும் ஒற்றையாக வாங்கத் தெரியாத மனிதர். ஒரு ஸ்குரூ டிரைவர் தேவைப்பட்டால் ஒரு பெட்டி நிறைய வாங்கி வருவார். அந்தப் பெட்டியில் தேவைப்பட்ட அளவு மட்டும் இருக்காது.

கார் நிற்க வேண்டிய ஷெட்டில்தான் அவருடைய பட்டறை. கார் வெளியே வெயிலில் காய்கிறது. உள்ளே ஒரு மேஜை, அதன் ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் மாட்ட வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்பேனருக்குப் பின்னாலும் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டால் வரைந்து வைத்திருக்கிறார். எடுத்தால்தானே மாட்டுவதற்கு! வாரம் முழுக்க இன்ஷூரன்ஸ் ஆபீஸில் காகிதம் புரட்டுகிறவர், லீவு நாளில் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டால் பெரிய மெக்கானிக். இத்தனை வருஷத்தில் அவர் கைபட்டுத் திரும்ப ஓடியது ஒரு சுவர்க்கடிகாரம். அதற்குப் பேட்டரிதான் தீர்ந்து போயிருந்தது.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒற்றுப் பிழை கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட்டில்கூடத் திருத்தியிருக்கிறேன். கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா கிடக்கும். வீட்டில் பிழை என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது செட்டுதான். அவரைத் திருத்த எந்தப் பேனாவிலும் மை போதாது.

எங்கள் வீட்டு மாடியறையில் என் தங்கை இருக்கிறாள். அவள் புருஷன் இன்னொருத்தியைத் தேடிக்கொண்டு போன பிறகு, கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்தவள். அழுது நான் பார்த்ததில்லை. யாரோ விற்ற ஒரு பழைய மாவு பிசையும் மிஷினை வாங்கிப் பின்கட்டில் போட்டாள். ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் ரொட்டி நன்றாக இருக்கும். நான் லேசில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவள் இல்லை.

அந்த வாரம் அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரு பெண்கள் விடுதிக்குத் திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை ரொட்டி. அது நிலைத்துவிட்டால் அவள் தனியாக ஒரு கடை போட்டுவிடலாம். கடையும் பார்த்துவிட்டாள்; மேலே ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குத் திரை தைக்க அளவுகூட எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“அக்கா வீட்டு மாடியில இன்னும் எத்தனை நாளைக்கு குந்தியிருக்கிறது?” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை அந்த மிஷின் ஊளையிட ஆரம்பித்தது. தெருமுனை வரைக்கும் கேட்கிற ஊளை. தங்கை சுவிட்சை அணைத்துவிட்டு வழக்கமான மெக்கானிக்குக்கு போன் போட்டாள். அவர் சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, “பேரிங் போயிருச்சும்மா. முன்னாடி இருக்கிற கியரை கழட்டினாத்தான் பின்னாடி பேரிங்கை மாத்த முடியும். நான் வெளியூர்ல இருக்கேன். புதன்கிழமைதான் வருவேன். எது கேக்கணும்னாலும் போன் பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டார்.

“வேற ஆளை பாக்கலாம்,” என்றேன்.

செட்டுவுக்கு முகம் சுண்டிவிட்டது. “வீட்டுல இவ்வளவு பெரிய பட்டறைய வச்சுக்கிட்டு வெளியாளா? கியரை உருவணும், அவ்வளவுதானே? ஒரு புல்லர் இருந்தா போதும். பாப்பா, நீ கவலைப்படாத. திங்கட்கிழமை உன் மிஷின் ஓடும்.”

தங்கை என்னைப் பார்த்தாள். ஒண்டியிருக்கிற வீட்டில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? “சரிங்க மாமா,” என்றாள்.

கூடப் போகாவிட்டால் இவர் எதையாவது தலையில் கட்டிக்கொண்டு வருவார் என்று மறுநாள் காலையில் நானும் கடைக்குப் போனேன். இரும்புச் சாமான் கடை. கல்லாவில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மா. வருகிற எல்லோரையும் முட்டாள்கள் என்றே முடிவுகட்டி வைத்திருக்கிற முகம். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

“கியர் உருவுறதுக்கு புல்லர் வேணும். நல்லதா,” என்றார் செட்டு.

கடைக்காரம்மா இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று கறுப்பு நிறத்தில், எண்ணெய் பூசி, ஒரு காக்கிக் காகிதத்தில் சுற்றியிருந்தது. மூன்று கால்கள், நடுவில் ஒரு நீளத் திருகு. கால்கள் கியரின் முதுகைக் கவ்விக்கொள்ளும். திருகு அது மாட்டியிருக்கிற அச்சின் நுனியில் முட்டும். திருகத் திருக கியர் வெளியே வரும். சமாசாரம் அவ்வளவுதான். இன்னொன்று ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே மெத்தையில் பள்ளம் பள்ளமாக வெட்டி, தங்க முலாம் பூசினதுபோல் பெரிசும் சிறிசுமாக இருபத்தெட்டு உருப்படிகள் படுத்திருந்தன.

செட்டுவின் கண் அப்போதே அந்த மெத்தையில் படுத்துவிட்டது.

“கறுப்பு அடிச்சு செஞ்சது. மஞ்சள் உருக்கி ஊத்துனது,” என்றார் கடைக்காரம்மா. “கறுப்புல மரை நெருக்கமா இருக்கு பாருங்க, நகத்தை வச்சாலே தெரியும். கம்மி பலத்துல இழுக்கும். திருகு நுனியில குண்டு தனியா சுத்தும், அச்சை கிழிக்காது. கால் நுனி மெல்லிசு, சந்துல நுழையும். மஞ்சள்ல கால் தடியா இருக்கும், ஆனா பலம் கிடையாது.”

“இதுல ஒண்ணுதானே இருக்கு?” என்றார் இவர், கறுப்பைக் காட்டி.

“உங்ககிட்ட எத்தனை கியர் இருக்கு?”

“ஒண்ணு.”

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரை ஒருமுறை வெறும் கண்ணால் பார்த்தார். “ரெண்டையும் நான்தான் விக்கிறேன். அது வேலைக்கு, இது ஆசைக்கு. எது வேணும்?”

இவர் பெட்டியைத் தடவிக்கொண்டே என்னிடம், “நல்ல புல்லரா பாத்துத்தான் வாங்கணும். செட்டா இருந்தா பின்னாடியும் உதவும்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “புல்லர்ல ஏதுங்க நல்லவங்க?”

அவருக்குப் புரியவில்லை. புரிந்துவிட்டால்தான் ஆச்சரியம். “தமிழ்ல புல்லர்னா யாருன்னு தெரியுமா?” என்று கடையில் நாலு பேர் கேட்கிற மாதிரியே சொன்னேன். “ஈனப் புத்திக்காரங்க. அடுத்தவங்க குடி கெட்டாலும் பரவாயில்ல, தன் வீம்புதான் பெருசுன்னு நிக்கிறவங்க. வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு. இன்னும் இருபத்தெட்டு எதுக்கு?”

கடைக்காரம்மா சிரித்தார். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “வல்லவனுக்கு புல்லும் ஆயுதம். எனக்கு புல்லரும் ஆயுதம்,” என்றார்.

கல்யாணமான நாளாக அவர் சொன்ன ஒரே நல்ல சிலேடை அது. பாராட்ட எனக்கு மனசு வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஷெட்டில் பெட்டியைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. எப்படிப் பயன்படுத்துவது என்று பல மொழிகளில் போட்டிருந்தார்கள். தமிழும் இருந்தது. மனுஷன் எழுதிய தமிழ் இல்லை. ஏதோ ஒரு மிஷின் மென்று துப்பிய தமிழ். தலைப்பே ‘கியர் மற்றும் கரடி இழுப்பான்’. பேரிங் எப்படிக் கரடியாயிற்று என்று கேட்காதீர்கள். எனக்குக் குஷி தாங்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்கட்டிலிருந்து மிஷினைச் சக்கரப் பலகையில் வைத்து அவரும் தங்கையுமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தேன்.

“ ‘தாடைகளால் வேலையை கட்டிப்பிடிக்கவும்.’ கேட்டுக்கோங்க, கட்டிப்பிடிக்கணுமாம்! ‘மைய திருகை எண்ணெய் குளிப்பாட்டவும்.’ ”

தங்கைகூடச் சிரித்தாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

“ ‘இழுக்கும் முன் மோதிரத்தை கழற்றவும்.’ அப்பாடா, இந்த ஒரு வரியிலதான் அர்த்தம் இருக்கு. ஒற்றுதான் விட்டுப்போச்சு,” என்று சொல்லி, ‘மோதிரத்தை’க்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு ‘க்’ போட்டேன்.

“சரியாத்தான் சொல்லியிருக்கான். கையில மோதிரத்தோட மிஷின் வேலை பாக்க கூடாது,” என்றார் செட்டு. அவர் விரல் பருத்துப்போய் மோதிரம் கழன்று வரவில்லை. சோப்பு போட்டு, முகத்தைக் கோணி, ஒருவழியாக உருவி மேஜையோரத்தில் வைத்தார். கல்யாண மோதிரம். அந்த விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

பிறகு வேலை ஆரம்பமாயிற்று. வேலையா அது? கறுப்பு கிரீஸும் மாவும் சேர்ந்து களிம்பாக அப்பிக்கிடந்த அச்சில் அந்தத் தடித்த மஞ்சள் கால்களை நுழைக்கவே காலைப்பொழுது போய்விட்டது. ஒரு கால் கவ்வினால் இன்னொரு கால் வழுக்கியது. ஒருவழியாக மூன்றும் நின்றதும் திருக ஆரம்பித்தார். திருகு கீச்சிட்டது. அவர் நெற்றி நரம்பு புடைத்தது. கியர் ஒரு நூல்கூட அசையவில்லை.

“வருது, வருது,” என்றார்.

பட்டென்று ஒரு சத்தம். ஒரு மஞ்சள் கால் பாதியில் ஒடிந்து பறந்து, சுவரில் வரைந்து வைத்த ஸ்பேனர் உருவத்தின் மேலேயே போய் அடித்துக் கீழே விழுந்தது. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டிபோலப் பொரபொரவென்று இருந்தது.

எனக்கு அவர்மேல் வந்த இளக்காரத்தை மறைக்க நான் முயற்சி செய்யவேயில்லை. “ஆசைக்கு வாங்குனது அற்பாயுசுல போயிருச்சு,” என்றேன்.

“இல்லம்மா, கியர்ல ஏதோ பிடிச்சிருக்கு. இவ்வளவு இழுத்தும் அசையலையே.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“ஒரு வார்த்தை மெக்கானிக்க கேட்டுக்கலாம். அவருதான் போன் பண்ண சொன்னாரே.”

தங்கையும், “கேக்கலாம் அக்கா,” என்றாள்.

“என்னன்னு கேப்பீங்க? மட்டமான சாமானை வாங்கிட்டு வந்து உடைச்சுட்டோம்னா?” என்றேன். “உங்களுக்கு சாமானும் மட்டம், புத்தியும் மட்டம். கறுப்பை வாங்குங்கன்னு அந்தம்மா தலையில அடிச்சுக்காத குறையா சொன்னாங்க. இவளோட பொழப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சு. தள்ளுங்க.”

அவர் தள்ளி நின்றார். அதைச் சொல்லியாக வேண்டும்: நான் சொன்னால் தள்ளி நிற்கிற மனுஷன்தான்.

நானே ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அந்தக் காக்கிக் காகிதப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஓர் ஆண்பிள்ளையை அவ்வளவு கேவலப்படுத்த முடியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கனம் மடியில் கிடந்தது. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், தங்கையின் மிஷின் சரியாகப் போகிற சந்தோஷத்தைவிட, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அதைச் செய்யப்போகிற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

ஷெட்டில் செட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த மஞ்சள் உருப்படிகளைத் துடைத்து மெத்தையில் திரும்பப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். தங்கை சுவரோரமாக நின்றாள். நான் என் மோதிரத்தைக் கழற்றினேன். தாளில் போட்டிருந்ததே, அதுவும் நான் திருத்தித் தந்த வரி. அவர் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கறுப்பின் கால்கள் மெல்லிசு. களிம்புக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் கியரின் முதுகை மூன்று பக்கமும் சிக்கெனப் பிடித்தன. திருகைக் கையாலேயே முட்டும்வரை ஓட்டினேன், வெண்ணெய்போல ஓடியது. அதற்குமேல் ஸ்பேனர். நெருக்கமான மரை, கம்மி பலம். ஒரு பெண்பிள்ளை கையால் இவ்வளவு இழுக்க முடியுமா என்று எனக்கே மலைப்பு.

“பாத்தீங்களா? இதுதான் சாமான்.”

“நல்லா பிடிச்சிருக்கு,” என்றார் செட்டு. பிறகு தயங்கி, “ஆனா அசையல போல இருக்கே,” என்றார்.

“அசையும்.”

ஸ்பேனர் இறுகிவிட்டது. சுவரோரம் ஒரு குழாய்த் துண்டு கிடந்தது. அதை ஸ்பேனர் பிடியில் மாட்டி நீளமாக்கிக்கொண்டேன். தங்கை ஓரடி முன்னால் வந்தாள். “அக்கா, போதும் அக்கா. மெக்கானிக்க கேட்டுக்கலாம்.”

“நீ சும்மா இரு. அவரை மாதிரி பயந்துக்கிட்டு நிக்கிறதுக்கா நான் போய் வாங்கிட்டு வந்தேன்?”

குழாயின் நுனியைப் பிடித்து முழு பாரத்தையும் போட்டேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. மண்பானை விரிசல் விடுகிற மாதிரி, மந்தமாக ஒரு சத்தம். கைக்கு எதிர்ப்பு சட்டென்று போய்விட்டது. வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து, “பாருங்க,” என்று சொல்லியும்விட்டேன். கியரின் பாதி, பற்களோடு, தரையில் விழுந்து உருண்டு தங்கையின் கால் பக்கத்தில் போய்ச் சாய்ந்தது. மிச்சப் பாதி அச்சிலேயே அப்படியே இருந்தது. அசையவில்லை.

தங்கை குனிந்து அந்தத் துண்டை எடுத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, அச்சின் நுனியில் அப்பியிருந்த களிம்பை மெதுவாகத் துடைத்தாள். மாவுத் தட்டைத் துடைக்கிற நிதானம். களிம்பு போனதும் கியருக்கு முன்னால், அச்சில் வெட்டிய ஒரு பள்ளத்தில், ஒரு மெல்லிய இரும்பு வளையம் தெரிந்தது. வாய் பிளந்த வளையம். இரண்டு முனையிலும் குறடு வைத்து விரிக்க ஒவ்வொரு துளை. கியர் வெளியே வராமல் அதுதான் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அக்கா,” என்றாள். “அந்த தாள்ல சொன்ன மோதிரம் இதுதானோ?”

நான் மேஜையைப் பார்த்தேன். அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. அதற்கு அந்தண்டை அந்தத் தாள். என் சிவப்பு ‘க்’ தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒற்று மிகும் இடம் தெரிந்தது எனக்கு. மோதிரம் எது என்று தெரியவில்லை. கரடி எது என்று கண்டுபிடித்துச் சிரிக்கத் தெரிந்தவளுக்கு மோதிரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. முன்பே அந்த மட்டமான மஞ்சள் புல்லர் தான் உடைந்து கியரைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தது. நான் போய், உடையாத ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தங்கை இப்போது மெக்கானிக்குக்கு போன் போட்டாள். அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது. பழைய மிஷின், அந்தக் கியர் கடையில் கிடைக்காது, புதிதாக வார்த்து எடுக்கத்தான் வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். “அந்த லாக் ரிங்கை எடுத்திருந்தா கையாலேயே வந்திருக்குமேம்மா,” என்றார். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போட்டாள்.

“திங்கட்கிழமை முடியாதுங்க. மிஷின் உடைஞ்சிருச்சு... இல்லைங்க, ரிப்பேர் இல்ல, உடைஞ்சிருச்சு... கையால அவ்வளவு மாவு பிசைய முடியாதுங்க... சரிங்க. ஆர்டரை அந்த இன்னொரு கடைக்காரங்களுக்கே கொடுத்துருங்க. ஒண்ணும் தப்பா எடுத்துக்கல.”

போனை வைத்துவிட்டு, கியர்த் துண்டை மேஜைமேல், எங்கள் மோதிரங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னை அவள் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். “தெருக்கடை ரொட்டிக்கு மாவு நனைக்கணும், நேரமாச்சு,” என்று மட்டும் சொல்லி, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். சற்றுநேரத்தில் பலகையில் மாவை அடித்துப் பிசைகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து அவரைப் பார்த்த அதே இளப்பத்தோடு இப்போது என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

செட்டு எழுந்து வந்தார். சொல்லிக்காட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லிக்காட்ட அவருக்கு அன்றைக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் மிஷினிலிருந்து அந்தக் கறுப்புச் சாமானைக் கழற்றினார். ஒவ்வொரு காலாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், திருகை ஓட்டிப் பார்த்தார், துணியால் துடைத்தார். அவர் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமான மெச்சுதல்தான் இருந்தது.

“நல்ல புல்லர்தான்,” என்றார். “ஒரு கீறல்கூட விழல பாரு.”

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நாலு பேர் கேட்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.